ஐந்தாவது கயிற்றின் முடிச்சு

லோர்னா பியூவுக்குத் தோள் வலிக்கிறது என்பதை வென்பாட்ச் ஊரில் கடைசியாக ஒப்புக்கொண்ட ஆள் லோர்னாதான். அவள் சமைத்துப் போடும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே அது முன்னால் தெரிந்துவிட்டது. கஸ்டர்ட் ஊற்றும் கரண்டியை அவள் வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றியிருந்தாள். இடது கையால் ஊற்றினால் பாதி கிண்ணத்தில் விழும், பாதி மேசையில் விழும். தங்கள் பங்கு குறைவதைக் கண்டுபிடிக்காமல் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா?

"தோள்ல என்ன மிஸ்?" என்று ஒரு வாண்டு கேட்டது.

"ஒண்ணுமில்லடா. கொஞ்சம் பிடிச்சுக்கிச்சு."

இந்தக் 'கொஞ்சம்' எங்கள் ஊர்க்காரர்களிடம் மாட்டிக்கொண்டு படாத பாடு படுகிறது. கூரையே பறந்துபோனாலும் "நேத்து கொஞ்சம் காத்து" என்போம். காலை உடைத்துக்கொண்டவன் "நடக்கக் கொஞ்சம் சிரமமா இருக்கு" என்பான். இங்கிலாந்தில் எங்கள் ஷ்ராப்ஷயர் மாவட்டம் முழுக்க இப்படித்தான், அதில் வென்பாட்ச் ஒரு படி மேல். லோர்னா இங்கேயே பிறந்தவள். அப்பா பண்ணையில் மாடு பார்த்தார். பதினெட்டு வயதில் லிவர்பூலுக்கு வேலைக்குப் போனவள், சில மாதங்களிலேயே "கொஞ்சம் சத்தம்" என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டாள். டிராக்டர் பழுதுபார்க்கும் க்ளைவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பையன்களை வளர்த்து ஆளாக்கி வெளியூருக்கு அனுப்பினாள். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் வயிறு நிறையப் போட்டாள். இப்போது வயது ஐம்பத்தெட்டு. யாரிடமும் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை என்பது அவளுக்கு ஒரு பெருமை.

அவளுக்கு இருந்த ஒரே பைத்தியம் மணி. எங்கள் தேவாலயத்து மணிக்கூண்டில் ஆறு மணிகள். மணிக்கு ஒரு கயிறு, கயிற்றுக்கு ஒரு ஆள். இங்கே மணி அடிப்பது என்றால் கயிற்றைப் பிடித்து ஆட்டுவது என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு இழுப்புக்கும் மேலே மணி முழு வட்டம் சுற்றித் தலைகீழாகப் போய் நிற்கும். கயிறு விர்ரென்று மேலே ஓடும். அதன் நுனியைப் பிடித்திருக்கிற கைகள் இரண்டும் தலைக்கு மேல் நீளும். அங்கே ஒரு கணம் நிறுத்தி மறுபடி இழுக்க வேண்டும். ஆறு பேரும் தங்கள் வரிசையை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே போவார்கள். எழுதி வைத்துப் படிப்பது கிடையாது, எல்லாம் மனப்பாடம். ஒருவர் தடுமாறினால் அறுவரும் தடுமாறுவார்கள்.

பதிமூன்று வயதில் கயிற்றைத் தொட்டவள் லோர்னா. ஐந்தாவது மணி அவளுடையது. எழுதிக் கொடுக்கவில்லை, ஆனால் ஊருக்கே தெரியும். அவள் குட்டை என்பதால் ஐந்தாவது கயிற்றின் நுனி மற்ற கயிறுகளைவிட ஒரு முழம் நீளமாகத் தொங்கும்.

இத்தனை வருடத்தில் அவளுக்குக் கிடைக்காத ஒன்று உண்டு. தமிழில் அதை நெடுமணி என்று சொல்லலாம். முக்கால் மணி நேரம் நிறுத்தாமல், ஆள் மாற்றாமல், வரிசை பிசகாமல் ஆறு மணிகளையும் அடித்து முடிப்பது. பக்கத்து ஊர்களில் எல்லாம் அடித்துவிட்டார்கள். வென்பாட்சில் எப்போதும் ஐந்து பேர்தான். ஆறாவது ஆளை வெளியூரிலிருந்து கூப்பிடலாம். ஆனால் மணிக்கூண்டுத் தலைவர் டெஸ்மண்ட் டிரான்டர் அதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

"நம்ம மணிய நாமதான் அடிக்கணும். அடுத்த ஊர்க்காரன் வந்து அடிச்சா அது அவன் ஊரு நெடுமணி" என்பார்.

அப்படியிருக்கும்போதுதான் லண்டனில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்ற கிறிஸ்பின் ஆல்டர் வந்து சேர்ந்தார். ஆளைப் பார்த்தால் மணிக்கூண்டு வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும், அவ்வளவு உயரம். வந்த வாரமே "எனக்கும் கத்துக்கொடுப்பீங்களா?" என்று கேட்டார். டெஸ்மண்டுக்குத் தலைகால் புரியவில்லை. ஆறில் முரண்டு பிடிக்காத மணி ஐந்தாவதுதான் என்பதால் அதில்தான் கிறிஸ்பினுக்குப் பாடம் ஆரம்பமானது. செவ்வாய்க்கிழமை பயிற்சியில் அவர் அடிப்பார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு லோர்னா அடிப்பாள். அவர் உயரத்துக்குக் கயிறு நீளமாக இருக்கிறதே என்று டெஸ்மண்ட் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு அதைத் தூக்கிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லோர்னா வந்து பார்த்தாள். நுனி எட்டாத இடத்தில் இருந்தது. அவிழ்த்துவிட ஒரு நொடி போதும். ஆனால் இன்னொருவர் கயிற்றில் போட்ட முடிச்சைக் கேட்காமல் அவிழ்ப்பது மணிக்கூண்டில் மரியாதைக் குறைவு. கேட்டுவிட்டு அவிழ்க்கலாம். கேட்டால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? 'நீ வந்தது எனக்கு இடைஞ்சல்' என்று சொன்னதுபோல் ஆகிவிடாதா? கோபித்துக்கொண்டு நின்றுவிட்டால் ஆறாவது ஆளுக்கு எங்கே போவது? மூலையில் சின்னப் பிள்ளைகள் ஏறி நின்று அடிப்பதற்கு மரப்பெட்டி கிடந்தது. அதை இழுத்துப் போட்டால் குத்திக் காட்டியதுபோல் இருக்கும். லோர்னா குதிகாலை எக்கினாள், தோளை இழுத்துப் பிடித்தாள், நுனியைப் பற்றினாள், அடித்தாள். வாரா வாரம், ஒரு வருடம் முழுவதும்.

வசந்த காலத்தில் தோள் பழிவாங்கியது. தலைக்கு மேல் கையைத் தூக்கினால் உள்ளே கத்தி பாய்ந்தது. அந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் கிடையாது. க்ளைவ் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தான். உறைந்த பட்டாணிப் பாக்கெட்டைத் துணியில் சுற்றித் தோளில் வைத்தான், டீ போட்டுக் கொடுத்தான்.

"டாக்டர்கிட்ட போலாமா கண்ணு?"

"இதுக்குப் போயா? அவங்களுக்கு வேற வேலை இல்லையா?"

அவள் தானாகவே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டாள். முழு ஓய்வு. கழுத்துத் துணியில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மணிக்கூண்டுப் பக்கமே போகாமல் இருந்தாள். வாரங்கள் ஓடின. தோள் ஆறவில்லை, இறுகிப்போனது. தலை வாரவும் உள்ளாடைக் கொக்கி மாட்டவும் க்ளைவை அழைக்க வேண்டிய நிலை. அவன் ஒருநாள் கொக்கியை மாட்டிக்கொண்டே, "டிராக்டர் எஞ்சின் இதவிட சுலபம்" என்று முணுமுணுத்தான். லோர்னா சிரித்தாள், சிரிப்பு அழுகையாக மாறியது. மறுநாள் டாக்டரிடம் போனார்கள். அவர் டவுனில் இருக்கும் பிசியோவிடம் அனுப்பிவைத்தார்.

பிசியோ பெயர் மால்வினா. போலந்துக்காரி. முப்பத்தைந்து வயது இருக்கும். பேச்சில் முன்னுரை என்பதே கிடையாது.

"பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள சொல்லுங்க. வலி எவ்வளவு?"

"ரெண்டு இருக்கும். ரெண்டுகூட அதிகந்தான். உன் நேரத்த வீணாக்குறேனோன்னு இருக்கும்மா."

"சரி. கோட்டக் கழட்டுங்க."

லோர்னா வலது கையைக் கோட்டுக் கையிலிருந்து உருவ முயன்றாள். முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு பாதியில் நின்றுவிட்டாள். மால்வினா எழுந்து வந்து மெதுவாகக் கழற்றிவிட்டாள்.

"பன்னெண்டு வருஷமா இந்த நாட்டுல இருக்கேன். உங்க ஊரு ரெண்டு எங்க ஊருக்கு ஏழு. நான் ஏழுன்னே எழுதிக்கிறேன்."

கையை அப்படித் திருப்பி, இப்படித் தூக்கி, எதிர்த்துத் தள்ளச் சொல்லி எல்லாம் பார்த்தபிறகு சொன்னாள்:

"எதுவும் அறுந்து போகல, பயப்படாதீங்க. தசைய எலும்போட சேத்துப் பிடிக்கிற நாண் ஒண்ணு இருக்கு. அதுக்கு அளவுக்கு மேல வேல குடுத்தீங்க, கோவிச்சுக்கிச்சு. அப்புறம் ஒரேயடியா வேலைய நிறுத்தினீங்க, இப்ப சோம்பேறி ஆயிடுச்சு."

"அப்ப ஓய்வு எடுக்கக் கூடாதா?"

"ஓய்வெடுத்துதான இந்தக் கோலம்! அதுக்குத் திரும்ப வேல குடுக்கணும். முதல்ல சின்ன வேல, அப்புறம் கொஞ்சம் பெரிய வேல. செய்யும்போது வலிக்கலாம். ஆனா கொஞ்சம்தான். என்னோட கொஞ்சம். உங்க கொஞ்சம் இல்ல."

லோர்னா கேட்க வந்ததைக் கேட்காமலே எழுந்தாள். கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். டெஸ்மண்டுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, அக்டோபரோடு தலைவர் பொறுப்பை விடப்போகிறார். அதற்கு முன் கிறிஸ்பினையும் சேர்த்துக்கொண்டு வென்பாட்சின் முதல் நெடுமணியை அடித்துவிட வேண்டும் என்று முடிவாகியிருந்தது. இப்போது ஆறாவது ஆள் வந்தாயிற்று, ஐந்தாவது ஆளின் தோள் போயிற்று.

"அக்டோபர்ல நான் மணி அடிப்பேனா?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"அடிக்க வாய்ப்பு இருக்கு. சத்தியம் பண்ண மாட்டேன்" என்றாள் மால்வினா.

பள்ளிக்கூடத்து மளிகை அறைச் சுவருக்கு அன்றிலிருந்து ஒரு புதிய வேலை வந்தது. லோர்னா முழங்கையை மடக்கிப் புறங்கையால் அதை அழுத்திக்கொண்டு நிற்பாள். சுவர் நகராது, அவளும் நகரமாட்டாள். அதுதான் முதல் பாடம். அடுத்து ரப்பர் பட்டை. க்ளைவ் அதைப் பின்கதவுக் கைப்பிடியில் கட்டிக் கொடுத்தான். தினமும் இழுத்தாள். அதற்கும் அடுத்து பீன்ஸ் டப்பா. அதைக் கையில் பிடித்துப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கி, அதைவிட மெதுவாக இறக்க வேண்டும்.

"இத்தன தடவ தூக்கி இறக்குறியே, திறந்து ரொட்டி மேல கொட்டினா ரெண்டு பேரும் சாப்பிடலாமே" என்பான் க்ளைவ்.

"வாய மூடிக்கிட்டு எண்ணு."

"எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். நீ பேசின உடனே மறந்து போச்சு. மொதல்லேருந்து ஆரம்பி."

நடுவில் ஒருமுறை சரிந்தாள். வலி குறைந்த தெம்பில் உருளைக்கிழங்கு மசித்த பெரிய பாத்திரத்தை ஒற்றையாளாகத் தூக்கிவிட்டாள். இரண்டு நாள் கை தொங்கிவிட்டது. எல்லாம் பாழாகிவிட்டது என்று மால்வினாவிடம் போய் நின்றாள். "பாழாகல. நாண் திட்டிச்சு, அவ்வளவுதான். ஒரு படி இறங்கி மறுபடி ஏறுங்க" என்று அவள் சாதாரணமாகச் சொன்னது லோர்னாவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஜூலை மாதம் பள்ளி விடுமுறைக்கு மூடும் நாளில், மேல்தட்டிலிருந்த மாவுப் பெட்டியை யோசிக்காமல் வலது கையால் எடுத்தாள். எடுத்தபிறகுதான் எடுத்துவிட்டோம் என்று தெரிந்தது. அந்தப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்டில் மணிக்கூண்டுக்குத் திரும்பினாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஐந்தாவது கயிற்றில் முடிச்சு அதே இடத்தில் இருந்தது. எக்கினாள், பிடித்தாள், அடித்தாள். பத்து நிமிடம்தான். அடுத்த ஞாயிறும் அதேபோல். அந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை தோள் பழையபடி கத்தியை உருவியது. முன்பைவிட மோசம் என்றே தோன்றியது. காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பக்கூடக் கை வராமல், தேவாலய வாசலிலேயே அழுது தீர்த்தாள்.

அன்றைக்கே டெஸ்மண்ட் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"வெளியூர்லேருந்து ஒரு ஆளப் பாத்துருங்க டெஸ்மண்ட். எனக்காகத் தள்ளிப் போடாதீங்க."

"பேசாம போ பொண்ணே. நீ இல்லாம ஐந்தாவத எவன் தொடுவான்?"

"செப்டம்பர் கடைசி வரைக்கும் பாப்போம். அப்பவும் இப்படியே இருந்தா ஆளப் பாருங்க. இது என் விருப்பம்."

அவர் கதவைச் சாத்தவில்லை. அவள் தெருமுனை திரும்பும்வரை அங்கேயே நின்றார்.

மால்வினாவுக்கு இது பிடிபடவே இல்லை. பரிசோதித்தால் தோளில் பலம் இருந்தது, அசைவும் இருந்தது. மேல்தட்டுப் பெட்டியை எடுக்கிற தோள் பத்து நிமிட மணியில் ஏன் விழ வேண்டும்?

"நீங்க மணி அடிக்கிறத நான் பாக்கணும்" என்றாள்.

"அய்யய்யோ, அதுக்காக நீ அவ்வளவு தூரம் வரணுமா? பெட்ரோல் செலவு, நேரம்..."

"வியாழக்கிழமை சாயங்காலம் வரேன்."

வியாழக்கிழமை டெஸ்மண்ட் மேலே ஏறி மணியின் நாக்கைத் தோல் உறையில் கட்டிவைத்தார். அப்படிக் கட்டினால் மணி சுற்றும், சத்தம் வராது, ஊரும் வம்புக்கு வராது. மால்வினா சுவரோரம் கை கட்டி நின்றாள். லோர்னா கயிற்றைப் பிடித்தாள். முதல் இழுப்பு சரியாகப் போனது. கயிறு மேலே ஓடியது. லோர்னாவின் குதிகால்கள் தரையைவிட்டு எழும்பின, வலது தோள் காதைத் தொடுகிற அளவுக்கு உயர்ந்தது. நாலைந்து சுற்று இப்படிப் போனபிறகு மால்வினா கையைத் தூக்கினாள்.

"நிறுத்துங்க. எதுக்கு இப்படி எக்குறீங்க? கயிறு உங்களுக்கு எட்டலையே!"

"கொஞ்சம் உயரமாத்தான் இருக்கு" என்றாள் லோர்னா.

"அந்த முடிச்சு என்னது?"

"அது கிறிஸ்பினுக்காகப் போட்டது."

"அவிழ்க்க முடியாதா?"

"முடியும்."

"அவிழ்த்தா கயிறு எட்டுமா?"

"எட்டும்."

"அப்ப ஏன் அவிழ்க்கல?"

லோர்னா கயிற்றைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், டெஸ்மண்டைப் பார்த்தாள். டெஸ்மண்ட் கூரையைப் பார்த்தார்.

"அவர் மனசு கஷ்டப்படுமேன்னு..."

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல."

மால்வினா தன் தாய்மொழியில் ஏதோ சொன்னாள். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான் குடுத்த பயிற்சியெல்லாம் நல்லாத்தான் வேல செஞ்சிருக்கு. ஒரு பக்கம் நான் கட்டுறேன், மறு பக்கம் நீங்க இடிக்கிறீங்க. இனிமே ஒரே ஒரு பயிற்சிதான் பாக்கி. அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க. சொன்னப்புறம் என்கிட்ட வாங்க."

லோர்னாவுக்கு அந்தப் பயிற்சி பீன்ஸ் டப்பாவைவிடக் கனமாக இருந்தது. இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். சனிக்கிழமை ஒரு எலுமிச்சை கேக் செய்து எடுத்துக்கொண்டு கிறிஸ்பின் வீட்டுக்குப் போனாள். அவர் கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு ரோஜாச் செடிக்குக் கிளை கழித்துக்கொண்டிருந்தார்.

"கழுத்துக்கு என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, கொஞ்சம் பிடிச்சுக்கிச்சு. உள்ள வாங்க, டீ போடுறேன்."

டீ வந்தது. கேக்கை வெட்டினார்கள். மழை வருமா என்று பேசினார்கள், வராது என்றும் பேசினார்கள். கோப்பை காலியானபிறகு லோர்னா கண்ணை மூடிக்கொண்டு குதித்துவிட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க, உங்களுக்கு அது சௌகரியம்னா அப்படியே இருக்கட்டும், நான் சும்மாதான் கேக்குறேன், முடியாதுன்னாலும் பரவால்ல... அந்த ஐந்தாவது கயித்து முடிச்ச ஞாயித்துக்கெழம மட்டும் நான் அவிழ்த்துக்கலாமா?"

கிறிஸ்பின் கோப்பையை மேசையில் வைத்தார்.

"அந்த முடிச்சு உங்களோடது இல்லையா?"

"என்னோடதா? எனக்கு எட்டவே எட்டாதுங்க!"

"எனக்கு அது ரொம்ப தாழ்வுங்க! முடிச்சுப் போட்டும் மிச்சமாத் தொங்குற கயிறு வந்து மூஞ்சியில அடிக்குது. ரெண்டு மூக்குக்கண்ணாடி போச்சு. அடி வாங்காம இருக்கணும்னு கழுத்தக் கோணிக்கிட்டே அடிச்சு, இப்ப பாருங்க, பட்ட போட்டிருக்கேன். உங்க கயிறு, உங்களுக்குப் பிடிச்ச அளவு, நேத்து வந்தவன் நான் எப்படி மாத்தச் சொல்றதுன்னு..."

டெஸ்மண்ட் அன்றைக்கு இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று நடுவாந்தரத்தில் முடிச்சுப் போட்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஆகாத இடத்தில் அது ஒரு வருடம் அரசாண்டது. முதலில் சிரித்தது கிறிஸ்பின். சிரித்தால் கழுத்து வலிக்கிறது என்று பிடித்துக்கொண்டு சிரித்தார். லோர்னாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மிச்சமிருந்த கேக் அங்கேயே தீர்ந்தது.

அதன்பிறகு முடிச்சுக்கு ஒரு ஒழுங்கு வந்தது. செவ்வாயன்று கிறிஸ்பின் உயரத்துக்குப் போடுவார்கள், லோர்னா அடிக்கும்போது முழுக்க அவிழ்ப்பார்கள். லோர்னா ஒரு படி இறங்கி மறுபடி ஏறினாள். முதலில் சத்தமில்லாத மணியில் சில நிமிடம், பிறகு ஆராதனைக்கு, பிறகு அரைமணி நேரம். குதிகால் தரையிலேயே இருந்தது. கை மேலே போய் மெத்தென்று நின்று திரும்பி வந்தது. செப்டம்பர் கடைசியில் டெஸ்மண்ட் ஒன்றும் கேட்கவில்லை, வெளியூருக்கு ஆளும் அனுப்பவில்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மதியம் ஆறு பேரும் வட்டமாக நின்றார்கள். நாய்க்காப்பகம் நடத்தும் அக்கா தங்கை இருவர், தபால்காரர், டெஸ்மண்ட், லோர்னா, இதற்கென்றே தனியாகப் பழகிக்கொண்ட ஆறாவது பெரிய மணியில் கிறிஸ்பின். கல்லறைத் தோட்டத்து பெஞ்சில் க்ளைவும் மால்வினாவும் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார்கள். முதல் மணியிலிருந்த அக்கா, "பாத்துக்கோங்க... போறேன்... போயாச்சு!" என்று குரல் கொடுக்க, மணிகள் எழுந்தன.

நன்றாகத்தான் போனது. லோர்னாவுக்குத் தோள் இருப்பதே மறந்துபோனது. ஆனால் ஒன்று அவளை உறுத்தியது. ஆளுக்கு ஆள் அடுத்தவர் கயிற்றைப் பார்த்துத்தான் அடிப்பார்கள், அது வழக்கம். இவர்கள் ஐந்து பேரும் கயிற்றைப் பார்க்கவில்லை, அவளுடைய வலது தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரைமணி நேரம் ஆகியிருக்கும். வரிசையை மாற்ற வேண்டிய இடத்தில் குரல் கொடுப்பது டெஸ்மண்டின் வேலை. இடம் வந்தது, குரல் வரவில்லை. ஆளுக்கொரு பக்கம் போய் மணிகள் ஒன்றோடொன்று மோதின, சந்தைக்கடைபோல் இரைந்தன.

"நிறுத்துங்க" என்றார் டெஸ்மண்ட்.

மணிகள் ஒவ்வொன்றாக அடங்கின. கிழவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என் தப்பு. நாப்பது வருஷத்துல இப்படி விட்டதில்ல. லோர்னா கை என்ன ஆகுதோ, என்ன ஆகுதோன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கணக்கு போச்சு."

"நானும் அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார் தபால்காரர்.

"பரவால்ல, விடுங்க. அடுத்த மாசம் வெச்சுக்கலாம். லோர்னாவும் பாவம், இதுக்கு மேல..." என்று தங்கை ஆரம்பித்தாள்.

வழக்கமான லோர்னா என்றால் 'ஆமாமா, உங்க இஷ்டம்' என்றிருப்பாள். அடுத்த மாதம் டெஸ்மண்ட் தலைவராக இருக்கமாட்டார். கயிற்றை விடாமல் அவள் எல்லோரையும் பார்த்தாள்.

"என் கைக்கு ஒண்ணுமில்ல. உங்க கண்ணுதான் சரியில்ல. அஞ்சு பேரும் என்ன நோயாளியப் பாக்குற மாதிரி பாத்தா எவளுக்கு மணி அடிக்க வரும்? எல்லாரும் போய் டீ குடிங்க. குடிச்சுட்டு மொதல்லேருந்து அடிக்கிறோம். இன்னிக்கே."

மணிக்கூண்டில் அப்படியொரு பேச்சு அதற்கு முன் கேட்டதில்லை. கிறிஸ்பின் மட்டும் மெல்ல, "நான் ரெடி" என்றார்.

லோர்னா கீழே இறங்கி பெஞ்சுக்கு வந்தாள். மால்வினா டீக்கோப்பையை நீட்டவில்லை, கேள்வியைத்தான் நீட்டினாள்.

"எவ்வளவு?"

லோர்னாவுக்கு 'ஒண்ணு' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள். கையைத் தலைக்கு மேல் தூக்கினாள், இறக்கினாள், யோசித்தாள்.

"மூணு."

"உங்க மூணா, என் மூணா?"

"உன் மூணு."

மால்வினா பிளாஸ்க்கைத் திறந்தாள். பிறகு டீயை ஊற்றிக் கொடுத்தாள்.

"அப்ப குடிச்சுட்டுப் போய் அடிங்க."

இரண்டாவது முறை யாரும் யாருடைய தோளையும் பார்க்கவில்லை. டெஸ்மண்டின் குரல் ஒவ்வொரு இடத்திலும் உரிய நேரத்துக்கு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த க்ளைவ் வாட்ச்சைப் பார்ப்பதும் கோபுரத்தைப் பார்ப்பதுமாக இருந்தான். கடைசியில் மணிகள் ஆறும் ஆரம்பித்த வரிசைக்கே திரும்பி வந்து சேர்ந்தபோது, வாட்ச்சைத் திருப்பிப் பார்க்க மறந்து எழுந்து நின்றுவிட்டான். வென்பாட்சின் முதல் நெடுமணி, வென்பாட்ச்காரர்களின் கையால்.

மேலே எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். டெஸ்மண்ட் மூக்கைச் சிந்திக்கொண்டு, தூசி அதிகம் என்றார். பிறகு ஒவ்வொருவராகக் கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்கள். லோர்னா மட்டும் பின்தங்கினாள். மூலையில் கிடந்த மரப்பெட்டியை இழுத்து ஐந்தாவது கயிற்றுக்குக் கீழே போட்டு ஏறி நின்றாள்.

"என்னங்க பண்றீங்க?" என்று கிறிஸ்பின் வாசலிலிருந்து கேட்டார்.

"செவ்வாய்க்கெழம உங்களுக்கு வேணுமே" என்று சொல்லி, வலது கையைத் தலைக்கு மேல் முழுக்க நீட்டி, அவர் உயரத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டாள்.